தம்பிமாருக்காக ஏறுகிற ஏணி

(ஹோர்சன்ஸ் நகரில் எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் மேடையேறிப் பழகியவன் அல்ல. ஊரில் உயர்தரம் வரைக்கும் படித்தவன். இங்கே தொழிற்சாலையில் வேலை செய்பவன். செயலாளர் அண்ணை "விளையாட்டைப் பற்றி ஒரு கொஞ்ச நேரம் கதையும்" என்று கேட்டபோது, நான் உதைபந்தாட்டம் பற்றித்தான் கதைப்பேன் என்று நினைத்திருப்பார். நான் கதைக்க வந்தது ஐஸ் ஹொக்கியைப் பற்றி. அதுவும் இருபது வயதுக்குட்பட்ட பெடியளின் ஆட்டத்தைப் பற்றி. அதுவும் கீழ்ப்படியில் நடக்கிற, தொலைக்காட்சியில் ஒருவரும் பார்க்காத ஆட்டங்களைப் பற்றி. சிரிக்காதேயுங்கோ. ஏன் என்று கடைசியில் சொல்லுகிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஊரில் தெரிந்த ஹொக்கி, பள்ளிக்கூட மைதானத்தில் மட்டையும் பந்துமாக ஆடுவது. இங்கே பனித்தரை. பந்துக்குப் பதிலாக ஒரு கறுப்பு றப்பர் வட்டு. ஒரு பக்கத்தில் ஐந்து பேரும் ஒரு கோல்காப்பாளரும் நிற்பார்கள். இருபது நிமிசப்படி மூன்று பகுதி. ஒரு ஆள் ஒரு நிமிசம் மட்டில் உயிரைக் கொடுத்து ஓடுவார். இளைத்ததும் வேலிக்கு மேலால் ஏறி வாங்கிலுக்கு வருவார், அடுத்தவர் உள்ளே பாய்வார். எவ்வளவு கெட்டிக்காரனும் ஆட்டம் முழுக்கத் தனிய நின்று ஆட முடியாது.

இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி வருடாவருடம் நத்தாருக்கு அடுத்த நாள் தொடங்கும். அதில் ஆடுவது பத்து நாடுகள் மட்டும். அப்ப மற்ற நாடுகள்? அவைக்கு ஏணி மாதிரிப் படிகள் வைத்திருக்கிறார்கள். பத்து நாடுகளுக்குக் கீழே முதலாம் பிரிவு, அதில் ஏ குழுவில் ஆறு நாடுகள், பீ குழுவில் ஆறு நாடுகள். அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு, அதிலும் ஏ, பீ. அதற்கும் கீழே மூன்றாம் பிரிவு. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கும் இப்படி ஒரு ஏணி உண்டு. பனி அரிதாக விழுகிற மெக்சிக்கோ, தென்னாபிரிக்கா போன்ற நாட்டுப் பெடியளும் கீழ்ப்படிகளில் ஆடியிருக்கிறார்கள்.

ஒரு குழுவின் ஆறு நாடுகளும் ஒரு சின்ன நகரத்தில் கூடும். ஒவ்வொரு அணிக்கும் ஐந்து ஆட்டங்கள், ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். அறுபது நிமிசத்துக்குள் வென்றால் மூன்று புள்ளி. சமமாகி, மேலதிக நேரத்திலோ தனி அடியிலோ வென்றால் இரண்டு, தோற்றவருக்கும் ஒன்று. முதலாவதாக வருகிற நாடு ஒரு படி மேலே. கடைசியாக வருகிற நாடு ஒரு படி கீழே. டெனிஷ்காரர் ஒப்றூக்னிங், நெட்றூக்னிங் என்று சொல்லுவினம். இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றும் இல்லை, அடுத்த வருசம் திரும்பவும் அதே படிதான்.

இனி டென்மார்க்கின் கதைக்கு வருகிறேன்.

2018 டிசம்பர் 26ஆம் திகதி, கனடாவில் வன்கூவர் நகரத்தில் டென்மார்க் பெடியள் கனடாவோடு ஆடினார்கள். 14க்கு 0 என்று தோற்றார்கள். அதோடு நிற்கவில்லை. கடைசி இரண்டு இடத்துக்கும் வந்த அணிகள் கீழிறங்காமல் இருப்பதற்காக ஆடிய ஆட்டங்களில் கசக்ஸ்தானிடமும் தோற்று, முதலாம் பிரிவுக்கு இறங்கினார்கள்.

நத்தார் லீவு முடிந்து நான் வேலைக்குப் போன நேரம். என்னோடு வேலை செய்கிற ஒரு டெனிஷ் பெரியவர் கன்ரீனில் அந்தக் கதையைச் சொன்னார். நான் சும்மா இருக்காமல், "பதினாலு கோல் வாங்கிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போனவங்கள்?" என்று பகிடியாகக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கோப்பியை வைத்துவிட்டு, "பதினாலு பெரிய காரியமில்லை, நாங்கள் நாற்பத்தேழு வாங்கினனாங்கள்" என்றார்.

உண்மைதான். 1949ஆம் ஆண்டு சுவீடனில் ஸ்ரொக்ஹோம் நகரத்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் டென்மார்க்கின் பெரியவர்களுடைய அணி கனடாவிடம் 47க்கு 0 என்று தோற்றது. அதுதான் டென்மார்க் ஆடிய முதல் உலகக் கிண்ணம். அதற்குப் பிறகு முதல் தரத்துக்குத் திரும்பி வர 2003ஆம் ஆண்டு வரை சென்றது. 54 வருசம் கீழ்ப்படிகளில் கிடந்த நாடு. திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவை 5க்கு 2 என்று வென்றது. அதே போட்டியில் கனடாவோடு 2க்கு 2 என்று சமமாக முடித்தது.

பெரியவர் பிறகு ஒன்று சொன்னார். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. "தோற்ற பெடியளைப் பாவம் பாராதே. அவங்களில் கன பேர் அடுத்த முறை வயது கடந்திடுவாங்கள். இனிக் கீழ்ப்படியில் நின்று கஷ்டப்படப் போறது அவங்களின்ர தம்பிமார்."

அன்று இரவு இருந்து விதியைத் தேடி வாசித்தேன். இந்தப் போட்டியில் வயது என்பது கல்லில் எழுதிய கணக்கு. 2019ஆம் ஆண்டுப் போட்டியில் 1999இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் ஆடலாம். அடுத்த வருசம் 2000. இப்படி ஒவ்வொரு வருசமும் ஒரு வயதுக்காரர் மொத்தமாக வெளியே போவார்கள். ஒரு அணியில் பத்தொன்பது வயதுப் பெடியள்தான் பெரும்பாலும் தூண் மாதிரி நிற்பவர்கள். அவர்கள் டிசம்பரில் உயிரைக் கொடுத்து ஆடி நாட்டை மேலே ஏற்றினால், அந்த மேல்படியில் ஆடுகிற உரிமை அவர்களுக்குக் கிடைக்காது. அடுத்த நத்தார் வரும்போது வயது முடிந்துவிடும். ஏறுகிறவர் ஒருவர், ஆடுகிறவர் இன்னொருவர்.

டென்மார்க்கின் கணக்கை எடுத்துப் பாருங்கோ. 2008இல் மேல்படியில் ஆடி, அதே வருசம் இறங்கியது. 2012இல் மறுபடியும் ஏறி ஆடியது. கனடாவிடம் 10க்கு 2, அமெரிக்காவிடம் 11க்கு 3. மறுபடியும் இறங்கியது. பிறகு 2013 டிசம்பரில் போலந்தில் சனொக் என்ற சின்ன நகரத்தில் முதலாவதாக வந்தது. அங்கே ஆடியவர்களில் 1994இல் பிறந்தவர்கள் அத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் திறந்த கதவால் 2015ஆம் ஆண்டுப் போட்டிக்குள் நுழைந்த அணியில் 1995இல் பிறந்த ஒலிவர் பியோர்க்ஸ்ராண்டும், 1996இல் பிறந்த நிக்கலாய் ஈலர்ஸும் இருந்தார்கள். டென்மார்க் முதல் தடவையாகக் காலிறுதிக்குப் போனது.

2016இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி நகரில் காலிறுதி. றஷ்யாவை வென்றுகொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிய 44 வினாடி இருக்கும்போது றஷ்யா சமன் செய்து, மேலதிக நேரத்தில் 4க்கு 3 என்று வென்றது. 44 வினாடி! 2017இல், முதல் வருடம் உலகக் கிண்ணம் எடுத்த பின்லாந்தை 3க்கு 2 என்று வென்று, கடைசியில் ஐந்தாம் இடம். அந்தப் பின்லாந்தைப் பாருங்கோ. 2016இல் சாம்பியன். 2017இல் கீழிறங்காமல் தப்புவதற்கு லத்வியாவோடு ஆட வேண்டி வந்தது. இந்த ஏணியில் ஒருவருக்கும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

2018இல் டென்மார்க் பெலாரஸை வென்று தப்பியது. 2019இல் நான் முதலில் சொன்ன அந்த 14. ஐந்து வருசம் மேல்படியில் நின்றுவிட்டு இறங்கியது.

இறங்கியபின் ஏறுவது லேசாக இருக்கவில்லை. கொரோனாவால் 2021ஆம் ஆண்டுக்குரிய கீழ்ப்பிரிவுப் போட்டிகள் நடக்கவே இல்லை. ஒரு வயதுப் பெடியளுக்கு அவர்களுடைய கடைசி வருசம் அப்படியே போனது. 2021 டிசம்பரில் முதலாம் பிரிவு ஏ குழுப் போட்டி எங்கட டென்மார்க்கிலேயே, ஹோர்ஸ்ஹொல்ம் நகரத்தில் நடந்தது. வென்றது பெலாரஸ். இரண்டு மாதத்தில், 2022 பெப்ரவரியில், உக்ரேனில் யுத்தம். றஷ்யாவையும் பெலாரஸையும் சர்வதேசப் போட்டிகளிலிருந்து நிறுத்தினார்கள். வென்ற பெடியளின் நாடு ஏறவில்லை. றஷ்யா விட்ட இடத்தில் லத்வியா போய், ஒகஸ்ட் மாதம் கனடாவில் எட்மன்ரன் நகரத்தில் ஆடி, முதல் தடவையாகக் காலிறுதிக்கு வந்தது.

அந்தத் தீர்மானம் சரியா பிழையா என்று நான் இந்த மேடையில் கதைக்க வரவில்லை. யுத்தம் என்றால் முதலில் குண்டு விழுகிற வீட்டுப் பிள்ளைதான் என் கண்ணில் நிற்கும், உங்களுக்கும் அப்படித்தான். ஆனால் பத்தொன்பது வயதில், தன் கையில் இல்லாத காரணத்தால் கையில் இருந்தது பறிபோவது எப்படி என்று இந்த மண்டபத்தில் இருக்கிற கன பேருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கடைசியில் 2024 டிசம்பரில், ஸ்லொவேனியாவில் பிளெட் என்ற ஏரிக்கரை ஊரில் டென்மார்க் முதலாவதாக வந்தது. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக்கு இடம் கிடைத்தது. பிளெட்டில் ஆடியவர்களில் மூத்தவர்கள் 2005இல் பிறந்தவர்கள். மினசோட்டாவில் ஆட 2006இலோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். திரும்பவும் அதே கதை. அண்ணன்மார் ஏற்றிவிட்டுக் கீழே நின்றார்கள்.

இதிலே அவர்களுக்கு என்ன இலாபம் என்று நீங்கள் கேட்கலாம். 2008இல் கீழிறங்கிய அந்த அணியில் லார்ஸ் எல்லர் என்று ஒரு பெடியன் ஆடினான். பத்து வருசம் கழித்து, 2018இல் வட அமெரிக்காவின் ஸ்ரான்லி கிண்ணத்தை வோஷிங்டன் அணி எடுத்தபோது, கடைசி ஆட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர் அவர்தான். அந்தக் கிண்ணத்தை எடுத்த முதல் டெனிஷ்காரர். கீழே இறங்கிய அணியில் இருந்தது அவருடைய வழியை அடைக்கவில்லை.

2025 மே மாதம் 22ஆம் திகதி எங்கட சனம் கன பேர் வாழுகிற ஹேர்னிங் நகரத்தில் என்ன நடந்தது என்று உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பெரியவர்களின் உலகக் கிண்ணக் காலிறுதி, கனடாவுக்கு எதிராக. முடிய இரண்டரை நிமிசத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஈலர்ஸ் சமன் செய்தார். ஒரு நிமிசமும் இல்லாத நேரத்தில் நிக் ஒலெசன் இரண்டாவது கோலைப் போட்டார். 2க்கு 1. ஒரு காலத்தில் 47 கோல் போட்ட கனடாவை வென்று, டென்மார்க் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போய் நாலாம் இடத்துக்கு வந்தது. அடுத்த நாள் கன்ரீனில் அந்தப் பெரியவர் என்னைக் கண்டதும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விரலைக் காட்டினார், பிறகு ஒரு விரலைக் காட்டினார்.

இனி, நான் ஏன் இதை இங்கே கதைக்கிறேன் என்று சொல்லுகிறேன்.

என் அக்காவின் மகன் ஒன்பது வயதிலிருந்து ஐஸ் ஹொக்கி பழகுகிறான். இங்கேயிருந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடிப் பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டும். காலில் போடுகிற சப்பாத்தும் தலைக்கவசமும் கால்தட்டும் வருசத்துக்கு வருசம் அளவில்லாமல் போகும். பழைய சாமான் வாங்கித்தான் சமாளித்தோம். போன மாரியில் அவனை ஏ அணியிலிருந்து பீ அணிக்கு இறக்கினார்கள். அவன் வீட்டுக்கு வந்து பையைக் கூட அவிழ்க்கவில்லை.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? இவ்வளவு விதியும் வரலாறும் படித்த நான், "பீ அணிக்கு ஏன் இவ்வளவு பெற்றோல் எரிப்பான்? விட்டிட்டுப் படிப்பைப் பார்" என்று சொன்னேன்.

வாயில் வந்த பிறகுதான் யோசித்தேன், இது எங்கேயிருந்து வந்த சொல் என்று. எங்களுக்கு ஊரில் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. வெட்டுப்புள்ளி. கோட்டுக்கு மேலே என்றால் கம்பஸ், கோட்டுக்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை. நான் இரண்டு தரம் உயர்தரம் எழுதினேன். இரண்டு தரமும் கோட்டுக்குக் கீழே. மூன்றாம் தரம் எழுத உரிமை இருந்தது. நாடு இருந்த நிலையில் எழுதவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு பீ குழு இருக்கவில்லை. "இங்கே நில், அடுத்த வருசம் ஏறலாம்" என்று சொல்ல ஒரு படி இருக்கவில்லை. இருந்தாலும் அது படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்த வெட்டுப்புள்ளியைத்தான் நான் பெட்டியில் வைத்துக் கட்டி டென்மார்க் வரைக்கும் கொண்டுவந்து, அந்தப் பிள்ளையின் தலையில் இறக்கினேன்.

அடுத்த கிழமை நானே அவனைக் கொண்டுபோய் விட்டேன். பீ அணிக்குக் கோல்காப்பாளர் வருத்தமென்று வராததால் இவனை நிற்கச் சொன்னார்கள். ஏழு கோல் வாங்கினான். திரும்பி வரும்போது காருக்குள், "மாமா, எட்டாவதைப் பிடிச்சனான் பார்த்தனீங்களோ?" என்று கேட்டான். பார்த்தேன் என்று சொன்னேன். உண்மையில் நான் அப்போது ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இந்த மேடையில் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் பின்வரிசையில்தான் இருக்கிறான்.

பெரியோர்களே, எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் மீன் தொழிற்சாலையிலும் துப்பரவு வேலையிலும் நின்று, இரவில் டெனிஷ் வகுப்புக்குப் போய், எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தீர்கள். அந்தக் கதவால் போய்ப் படித்தவர்கள் உங்கள் பிள்ளைகள். நீங்கள் ஏற்றினீர்கள், அவர்கள் ஆடுகிறார்கள். இது புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்லுகிறேன்.

ஆனால் கணக்கின் மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணன்மார் தோற்றால் தம்பிமார்தான் கீழே நிற்க வேண்டும். முன்பு எங்கட பெடியள் பழகுவதற்கு நகரசபை மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தது. பொறுப்பெடுப்பது யார் என்று எங்களுக்குள் பிடுங்குப்பட்டு, சில கிழமை ஒருவரும் போகாமல் விட, அந்த நேரம் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. பிடுங்குப்பட்ட எங்களுக்கு இப்போது முப்பத்தைந்தும் நாற்பதும். எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. இன்று பழக இடமில்லாமல் நிற்பது அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைகள்.

அதனால் வருசப் பிறப்பிலே இரண்டு சின்னக் காரியம் கேட்கிறேன். முதலாவது, அந்த மண்டப நேரத்துக்கு இந்த வருசம் திரும்பவும் விண்ணப்பிப்போம். பத்திரம் நிரப்புவதும், திறப்பு எடுப்பதும், ஒவ்வொரு கிழமையும் போய்க் கதவு திறப்பதும் என் பொறுப்பு. ஷிப்ற் மாறுகிற கிழமைக்கு மட்டும் இன்னொருவர் வேண்டும். இரண்டாவது, பனிக்கட்டி மண்டபத்துக்கோ உதைபந்தாட்டத்துக்கோ நீச்சலுக்கோ பிள்ளைகளைக் கொண்டுபோகிறவர்கள் காரில் இடமிருந்தால் சொல்லுங்கோ. கார் இல்லாத வீட்டுப் பிள்ளையும் வரட்டும். ஏ அணியா பீ அணியா என்று கேட்கத் தேவையில்லை.

இன்னும் ஒன்று. பிள்ளை தோற்று வந்த அன்று, எத்தனை வாங்கினாய் என்று கேட்க முதல், எத்தனையைப் பிடித்தாய் என்று கேளுங்கோ. நான் ஏழு வருசம் இந்த விளையாட்டைப் பார்த்து இவ்வளவுதான் படித்தேன்.

 பிறந்திருக்கும் புத்தாண்டு எல்லா வீட்டுக்கும் நல்லதைக் கொண்டுவரட்டும். பலகாரம் ஆறுவதற்கு முன் விடைபெறுகிறேன்.